பழைய வீட்டின் பலகணி

காற்று வரும் வழியைக் காலதர் என்றனர் பழந்தமிழர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. இன்று நாம் வழங்கும் சன்னல் என்னும் சொல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தது. பெயர் எதுவாயினும், மரப் பலகணி பழுதுற்றால் வீட்டுக்காரர் முதலில் எண்ணுவது அதனைப் பெயர்த்தெறிந்து புதியது வைக்கவே. அவ்வாறு எண்ணுமுன் அறிய வேண்டுவன சில உள.

விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர்ப் பகுதியில் உள்ளது அச்சங்குளம். இவ்வட்டாரம் கரிசல் நிலம். கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். ஆழமற்ற கடைகால்மீது எழுந்த பழைய சுவர்கள் மண்ணோடு சேர்ந்து சிறிது அசையும். அப்பொழுது பலகணிச் சட்டமும் கோணிக் கதவு இறுகிவிடும். மரம் கெட்டதென்று நினைத்துக் கதவை இழைத்துக்கொண்டே போவது வீண்வேலை.

உண்மையை அறிய ஒரு கயிறு போதும். சட்டத்தின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பார்த்தல் வேண்டும். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமமானவை என்று வடிவியலில் படிக்கிறோம் அல்லவா? அளவுகள் வேறுபட்டால் பெரும்பாலும் குற்றம் சுவரினுடையது. சுவரைச் செப்பனிடாமல் புதுப் பலகணி வைத்தால் அதுவும் கோணும். அளவுகள் ஒத்திருந்து, மழைக்காலத்தில் மட்டும் கதவு இறுகினால், மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருத்ததே காரணம்.

பின்னர்ச் சட்டத்தின் அடிக்கட்டையைக் கூரிய உளியால் குத்திப் பார்க்க வேண்டும். மழைநீர் தங்குமிடம் அதுவே. உளுப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அக்கட்டை மட்டும் கெட்டிருப்பின், கெட்ட பகுதியை அறுத்து நல்ல மரத்தை இணைத்தல் போதும். பழைய மரம் நன்கு உலர்ந்தது. பெரும்பாலும் வைரம் பாய்ந்தது. அதனை விறகாக்குவது பேதைமை.

முழுவதும் மாற்றியே தீரவேண்டுமெனில் மரத்தேர்வில் கருத்துச் செலுத்துக. பனை இப்பகுதியில் மிகுதி. ஆனால் அதன் வலிமை புறத்தே உள்ளது. இதனால் தொல்காப்பியம் புறக்காழ் உடையதைப் புல் என்றும், அகக்காழ் உடையதை மரம் என்றும் பிரித்தது. பனை உத்திரத்துக்கு உதவும். பலகணிக்கு அகக்காழே ஏற்றது. தேக்கு குறைவாகச் சுருங்கும். அதிலுள்ள எண்ணெய்ப் பசை கறையானைத் தடுக்கும். விலை கூடுதல் என்போர்க்கு முற்றிய வேம்பு உண்டு. வெளிர்நிறப் புறமரத்தை நீக்கி வைரத்தையே கொள்ளுதல் வேண்டும். சிவகாசியில் 1923ஆம் ஆண்டு தொடங்கிய தீப்பெட்டித் தொழிலுக்கோ மென்மரமே தேவை. மெழுகை உறிஞ்சி விரைந்து எரிவதே அங்கு அதன் சிறப்பு!

ஈர மரத்தில் செய்த பலகணி முதற்கோடையிலேயே பிளக்கும். மரம் நீளவாக்கில் மிகச் சிறிதே சுருங்கும். குறுக்கே மிகுதியாகச் சுருங்கும். ஆகவே தேர்ந்த தச்சர் கதவின் நடுப்பலகையைப் பசையிட்டு ஒட்டார். சட்டத்தின் காடியில் தளர்வாகச் செருகுவார். அது பருக்கவும் இளைக்கவும் அங்கு இடமிருக்கும்.

கண்ணாடி வைக்கலாமா என்பதும் இங்கு எண்ணத்தக்கது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையொன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் பலர் உயிரிழந்தனர். பெருவெடியின் காற்றதிர்ச்சி நெடுந்தொலைவு சென்று, வீட்டுப் பொருள்களில் கண்ணாடியை எளிதில் நொறுக்கும்; சில்லுகள் உள்ளிருப்போரைக் காயப்படுத்தும். பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஊரில் பலகைக் கதவும் இரும்புக் கம்பியுமே தக்கவை. பழைய கம்பிகளைத் துருநீக்கி மீண்டும் பொருத்தலாம்.

இறுதியில் வண்ணம். மரத்தின் வெட்டுமுனைகளே நீரை மிகுதியாக உறிஞ்சும். கண்ணுக்குப் படாதென்று பலர் கதவின் அடிவிளிம்பைப் பூசாமல் விடுகின்றனர். கீலில் மாட்டுமுன்பே அதற்கு இருமுறை எண்ணெய் வண்ணம் பூசிவிட வேண்டும்.