துணைப் படகு தரும் துணிச்சல்

குளிர்காலம் பிறந்ததும் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையோரம் பாய்மரப் படகுகள் வந்து குவிகின்றன. மயாமியை ஒட்டிய பிஸ்கேன் விரிகுடாவில் நங்கூரம் பாய்ச்சிக் காத்திருக்கும் பலருக்கும் போகவேண்டிய இடம் பஹாமாஸ். அதன் மேற்கு வாசலான பிமினித் தீவு ஏறக்குறைய 45 கடல் மைல் தொலைவில் இருக்கிறது. மணிக்கு 5 கடல் மைல் ஓடும் குடும்பப் படகுக்கு ஒன்பது மணி நேரப் பயணம். பிமினியைச் சுற்றியுள்ள திட்டுகளில் ஆழம் சில மீட்டர்தான். அடியில் இருப்பது மணலா, பாறையா என்பதை நீரின் நிறம்தான் சொல்லும். நிறம் தெரிய வெயில் ஏறியிருக்க வேண்டும். அதனால்தான் நள்ளிரவை ஒட்டி நங்கூரத்தைத் தூக்கி, இருட்டில் கடலைக் கடந்து, நல்ல வெளிச்சத்தில் கரை சேர்கிறார்கள்.

நடுவில் ஓடுகிறது வளைகுடா நீரோட்டம். மெக்சிகோ வளைகுடாவின் வெதுவெதுப்பான நீர் ஃபுளோரிடா நீரிணை வழியாக வடக்கே பாய்கிறது. பல இடங்களில் அதன் வேகம் மணிக்கு 3 கடல் மைலைத் தாண்டும். படகின் வேகத்தில் பாதிக்கு மேல் அது. அணியத்தைக் கிழக்கே பிமினிக்கு நேராக வைத்துவிட்டு உட்கார்ந்தால், விடியும்போது படகு பிமினிக்கு வெகு வடக்கே நிற்கும். தெற்கே சாய்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

இதையும் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது வாடைக் காற்று. வடக்கே பாயும் நீரின் மீது வடக்கிலிருந்து காற்று அடித்தால், அலைகள் நெருங்கிச் செங்குத்தாக எழும்பும். குளிர்காலத்தில் குளிர்க்காற்று முகப்புகள் அடுத்தடுத்து வரும். காற்று தென்கிழக்கிலிருந்து தெற்கு, மேற்கு என்று திரும்பி வாடையாகும். வாடை ஓய்ந்து, அலையும் படியும் வரை காத்திருக்க வேண்டும். அது சில நாட்களாகவும் இருக்கலாம், சில வாரங்களாகவும் இருக்கலாம்.

இந்தக் காத்திருப்பில்தான் நட்பு பிறக்கிறது. மாலையில் ஏதாவது ஒரு படகில் கூடுகிறார்கள். வானிலைக் கணிப்பை ஒப்பிட்டுப் பார்த்து, ஒருவருக்கொருவர் துணைப் படகாகச் சேர்ந்து கிளம்பும் நேரத்தை முடிவு செய்கிறார்கள். ரேடியோவில் எந்தச் சேனலில் பேசுவது, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை நலம் விசாரிப்பது என்றெல்லாம் பேசிவைக்கிறார்கள். புதியவர்களுக்குக் கூட்டுப் பயணம்தான் நல்ல பள்ளிக்கூடம் என்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு.

எனக்குக் கவலை வேறு. ஐந்து படகுகள் சேர்ந்து எடுக்கும் முடிவை உண்மையில் யார் எடுக்கிறார்கள்? அனுபவசாலி ஒருவர் "இன்று ராத்திரி போகலாம்" என்கிறார். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். அவருடைய படகு நீளம், இயந்திரம் புதிது, உடன் வருபவர்கள் மூன்று பேர். பின்னால் போகும் சின்னப் படகில் ஒரு தம்பதி மட்டும். டீசல் வடிகட்டி எப்போது அடைக்குமோ என்ற பயம் வேறு. ஒரே வானிலை இரண்டு படகுக்கும் ஒன்றல்ல. தனியாக இருந்தால் தங்கியிருப்பார்கள். கூட்டத்தைப் பிரிய மனமில்லாமல் கிளம்பிவிடுகிறார்கள்.

கடலில் இறங்கிய பின் இந்த இரவல் துணிச்சல் கண்ணையும் கட்டிவிடுகிறது. முன்னே போகிறவரின் அமரத்து வெள்ளை விளக்கைப் பார்த்தே சுக்கான் பிடிப்பது, நெடுஞ்சாலையில் லாரியின் பின்விளக்கை நம்பிக் கார் ஓட்டுவதைப் போன்றது. ஃபுளோரிடா நீரிணை பெரிய சரக்குக் கப்பல்களின் வழித்தடம். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின்படி, 12 மீட்டருக்குக் குறைந்த படகின் சிவப்பு, பச்சை விளக்குகள் 1 கடல் மைல் தூரம் தெரிந்தாலே போதும். மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் அந்தத் தூரத்தை மூன்று நிமிடத்தில் விழுங்கிவிடும். அதே விதிகளில் ஐந்தாவது, ஒவ்வொரு கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கவனிக்க வேண்டும் என்கிறது. துணைப் படகு கவனித்தால் போதும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

மின்னணுத் திரையும் இன்னொரு துணைப் படகாகிவிட்டது. பெரிய கப்பல்களை ஏஐஎஸ் என்ற கப்பல் அடையாளக் கருவி காட்டும். அக்கருவி இல்லாத மீன்பிடிப் படகைக் காட்டாது. 2014 நவம்பரில், உலகைச் சுற்றும் பந்தயத்தில் ஓடிய படகு ஒன்று மொரீஷியஸுக்கு வடகிழக்கே பவளத் திட்டில் இரவில் மோதியது. அதில் ஒன்பது பேர் இருந்தார்கள்; ஓட்டியவர்கள் தேர்ந்த மாலுமிகள். மின்னணு வரைபடத்தைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் திட்டு கண்ணில் படவில்லை. அத்தனை பேரும் உயிர் தப்பினார்கள். அவர்களுக்கே அது நேர்ந்ததென்றால் விடுமுறைப் படகோட்டிக்கு நேராதா?

இருட்டில் ஒருவர் கடலில் விழுந்தால், ஒரு மைல் தள்ளி வரும் நண்பரால் அலைகளுக்கு நடுவே ஒரு தலையைக் கண்டுபிடிப்பது அரிது. மார்புப் பட்டையில் மாட்டிய பாதுகாப்புக் கயிறுதான் காப்பாற்றும். அதை மாட்டாமல் இரவில் மேல்தளத்துக்கு ஏறக்கூடாது.

நண்பர்களோடு இரவுக் கடல் கடக்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகப் போங்கள். ஆனால் மாலைக் கூட்டத்துக்குப் போகும் முன், உங்கள் படகில் இருப்பவர்கள் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். எவ்வளவு காற்றைத் தாங்குவோம், எந்த நிலையில் திரும்பிவிடுவோம், இரவில் யார் எப்போது விழித்திருப்பது என்பதை எழுதிவையுங்கள். அந்தத் தாளுக்குப் பொருந்தாத இரவில், நண்பர்கள் எல்லோரும் கிளம்பினாலும் நீங்கள் கிளம்பாதீர்கள்.