உலையும் மலையும் – 9: ஏற்காட்டு பாக்சைட்

சென்ற வாரம் சேலம் சுண்ணாம்புக் கரட்டில் வெள்ளைக்கல் சுடும் சூளைகளைப் பார்த்தோம். அங்கிருந்து நிமிர்ந்தால் தெரிவது ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை. அதன் உச்சியிலும் கொல்லிமலையிலும் கிடந்த பாக்சைட்டை நம்பித்தான் மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி (மால்கோ) 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது.

அலுமினியத்துக்கு மண்ணைவிட மின்சாரம்தான் பெரிய செலவு. நான்கு டன் பாக்சைட்டைக் காய்ச்சி வடித்தால் இரண்டு டன் அலுமினா. அதிலிருந்து ஒரு டன் உலோகம். அலுமினாவைச் சுமார் 960 டிகிரி சூட்டில் உருகிய உப்புக் குழம்பில் கரைத்து, இடைவிடாமல் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். கிலோவுக்கு ஏறக்குறைய 14 யூனிட். வீடுகளுக்கு அரசு 2016-ல் அறிவித்த 100 யூனிட் இலவச மின்சாரத்தில் ஏழு கிலோதான் தேறும். சில மணி நேரம் கரண்ட் போனால் குழம்பு தொட்டியிலேயே உறைந்துவிடும். பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மின்கட்டணமும் மின்வெட்டும் மால்கோவை ஆட்டிப்படைத்தன. 1995-ல் ஸ்டெர்லைட் அதை வாங்கியது. பின்னர் சொந்த அனல்மின் நிலையம் வந்தது. மேட்டூர் அணை மின்சாரத்தை எண்ணித் தொடங்கிய தொழில் நிலக்கரியில் வந்து நின்றது. 2008-ல் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது அலுமினியம் உருக்கும் பிரிவும் மூடப்பட்டது.

மலைக்கு மிஞ்சியது வெட்டிய பள்ளங்கள். மேட்டூருக்கு மிஞ்சியது அலுமினா எடுத்தபின் கொட்டிய செஞ்சேற்றுக் கழிவு. பாக்சைட் படிவம் பஞ்சுபோல் மழைநீரை இழுத்து வைத்து ஊற்றுகளுக்கு விடுவது. அதைச் சுரண்டினால் கீழே காப்பித் தோட்டத்துக்கும் மலையாளிப் பழங்குடி ஊர்களுக்கும்தான் இழப்பு. சுரங்க வருவாயில் ஒரு பங்கை அந்த மக்களுக்கே செலவிடச் சொல்லும் மாவட்டக் கனிம அறக்கட்டளை 2015-ல்தான் சட்டத்தில் ஏறியது.

ஆலை மூடியதால் அலுமினியத் தேவை குறைந்துவிடவில்லை. சுமை ஒடிசாவின் மலைகளுக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் இடம் மாறியது. அங்கே நியமகிரியில் 2013-ல் பாக்சைட் சுரங்கம் பற்றிய முடிவை உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் விட்டது. கூடிய 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. ஏற்காட்டில் மண்வெட்டி இறங்கியபோது அப்படிக் கேட்க ஒரு சட்டம் இல்லை. வன உரிமைச் சட்டமே 2006-ல்தான் வந்தது.

சரி, வழி என்ன? பழைய அலுமினியத்தை உருக்க, புதிதாக எடுப்பதற்கு ஆகும் சக்தியில் 5 சதவீதம் போதும். பேரீச்சம்பழத்துக்கு ஓட்டைக் குண்டானைப் போட்ட நாளிலிருந்தே நமக்கு இது பழகிய தொழில்தான். ஆனால் காயலான் கடையில் அதைப் பிரித்து நசுக்குகிறவருக்குக் கையுறை இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை. அவருக்கு முறையான கூலியும் பாதுகாப்பும், மூடும் ஆலையின் தொழிலாளிக்கு மறுபயிற்சியும், வெட்டிய மலைக்கு மண்ணும் மரமும் தராத எந்த ஆலையையும் பசுமை ஆலை என்று ஏற்கக் கூடாது.

அடுத்த வாரம்: கஞ்சமலை அடிவாரத்து சேலம் உருக்காலை.

(தொடரும்)