பார்லோவின் இரும்புக் கூரை

லண்டன் மாநகரின் யூஸ்டன் சாலையில் உள்ள செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர், சாலைப்புறத்தில் கோபுரங்களும் கூர்மாடங்களுமாக எழுந்து நிற்கும் செங்கல் ஹோட்டலைக் கண்டு வியந்து, அந்த வியப்போடேயே திரும்பிவிடுகிறார்கள். ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டின் அந்த அலங்காரத்துக்குப் பின்னால், வில்லியம் ஹென்றி பார்லோ என்ற என்ஜினீயர் அமைத்து 1868-ல் திறக்கப்பட்ட இரும்புக் கூரைதான், என் அபிப்பிராயத்தில், அந்த ஸ்தலத்தின் மெய்யான பெருமை. சுமார் 240 அடி அகலத்தை நடுவே ஒரு தூண்கூட இல்லாமல் கடந்து, 100 அடி உயரத்தில் லேசாகக் கூர்ந்து சேரும் அந்த வளைவுக்கு, அது எழுந்த காலத்தில் உலகத்தில் இணை கிடையாது.

வடக்கே ரீஜென்ட் கால்வாயைத் தாண்டி வரவேண்டியிருந்ததால் தண்டவாளம் தரைமட்டத்துக்கு வெகு உயரத்திலேயே நிலையத்தை வந்தடைந்தது. அந்த இடைவெளியை மண் கொட்டி நிரப்பாமல், நூற்றுக்கணக்கான வார்ப்பிரும்புத் தூண்களை நட்டு, அவற்றின்மேல் இரும்பு உத்தரங்களைப் பரப்பித் தளம் அமைத்தார் பார்லோ; அந்த உத்தரங்களே, வில்லுக்கு நாண்போல, மேலே உள்ள வளைவின் இரு பாதங்களும் விலகிப் போகாதபடி இழுத்துப் பிடிக்கின்றன. கீழே கிடைத்த இடம் பர்ட்டன் நகரிலிருந்து வந்த பீர் பீப்பாய்களுக்குக் கிடங்காயிற்று. பீப்பாய்களை அடுக்குவதற்குத் தோதாகத் தூண்களின் இடைவெளி 14 அடி 8 அங்குலம் என்று வகுக்கப்பட்டது. மேலே கூரையின் விலாவளைவுகள் நிற்பது சரியாக அதன் இரட்டிப்பான 29 அடி 4 அங்குலத்துக்கு ஒன்றாக. மாபெரும் கட்டடம் ஒன்றுக்கு மதுப் பீப்பாய் பிரமாணமாக அமைந்தது மதுவிலக்கு அன்பர்களுக்கு உவப்பாயிராதுதான். சரித்திரம் நம் விருப்பத்தைக் கேட்டு நடப்பதில்லையே.

ஹோட்டல் 1935-ல் மூடப்பட்டது. 1960-களில் நிலையத்தையே இடித்துவிடலாம் என்ற யோசனை எழ, கவிஞர் ஜான் பெட்ஜமன் முதலானோர் அதை எதிர்த்து வாதாட, 1967-ல் முதல்தரப் பாதுகாப்புச் சின்னம் என்ற அந்தஸ்து அதற்குக் கிடைத்தது. பின்னர் பாரிஸ் செல்லும் யூரோஸ்டார் வண்டிகளுக்காகப் பெருஞ்செலவில் ஜீர்ணோத்தாரணம் நடைபெற்று, 2007 நவம்பரில் நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது.

கோயில் திருப்பணியில் கல்லின் ஜாதி அறிந்தே உளி வைப்பார்கள். பழைய இரும்பிலும் அதே நியாயம்தான். செயின்ட் பாங்க்ரஸின் தூண்கள் வார்ப்பிரும்பு, விலாவளைவுகளோ தேனிரும்பு. கரி அம்சம் மிகுந்த வார்ப்பிரும்பு, தலைமேல் எவ்வளவு பாரம் வைத்தாலும் சலியாமல் தாங்கும், ஆனால் இழுத்தாலும் ஓங்கி அடித்தாலும் முன்னறிவிப்பின்றி உடைந்துபோகும். நார்நாராக அமைந்த தேனிரும்போ இழுவைக்குத் தளராமல் நின்று, வளைந்து கொடுத்த பிறகே முறியும். வார்ப்பிரும்பில் விரிசல் கண்டால், எஃகை ஒட்டுவதுபோல் அவசரமாக வெல்டிங் செய்கிறவன், ஏற்றத்தாழ்வான சூட்டினால் பழைய விரிசலுக்குப் பக்கத்திலேயே புதிய விரிசலை உண்டாக்கிவிடுவான். ஆகையால், விரிசலுக்குக் குறுக்கே துளைகளிட்டு உலோகத் துண்டுகளை இறுகச் செலுத்தி, நெருப்பே இல்லாமல் தைத்துவிடும் முறையைத் தேர்ந்தவர்கள் கையாளுகிறார்கள்.

முற்றும் சிதைந்துபோன கிராதியையோ தூண்தலைப்பையோ புதிதாக வார்க்கும்போது வேறொரு சங்கடம் வருகிறது. உருகிய இரும்பு ஆறி இறுகுகையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்குமாதலால், பழைய உருப்படியையே மணலில் பதித்து அச்செடுத்தால், 10 அடி நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேலேயே குறைந்த உருப்படிதான் வெளிவரும். பக்கத்துத் துண்டோடு திருகாணித் துளைகள் பொருந்தா. இதற்காகவே, மரத்தில் மாதிரி செதுக்குகிற தச்சர்கள், சுருக்கத்துக்கு ஈடாக ஒவ்வோர் அங்குலத்தையும் அணுவளவு நீட்டிக் குறித்த தனி அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்குச் சாதாரண அளவுகோலாகவே தோன்றும். விஷயம் தெரியாதவர் அதைக் கொண்டு மேஜை செய்தால் மேஜை சற்று நீண்டே இருக்கும்.

தேனிரும்பின் கதை வேறு. இங்கிலாந்தில் அதை வியாபார அளவில் காய்ச்சுவது 1970-களிலேயே நின்றுவிட்டமையால், இடிபட்ட கட்டடங்களிலிருந்து கிடைத்த பழைய துண்டுகளைக் காய்ச்சி மறுபடி உருட்டித்தான் பயன்படுத்தவேண்டும், அல்லது எஃகைக் கொண்டு சமாளிக்கவேண்டும். தேனிரும்புக்குப் பரம சத்துரு தகடுகளின் இடுக்கில் புகும் ஈரம். துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், இரண்டு தகடுகளுக்கு இடையே பிடித்த துரு அவற்றை நெம்பிப் பிரித்து, ரிவெட்டின் தலையையே தெறிக்கச் செய்யும் பலம் வாய்ந்தது. ஆகவே மழைநீர்க் குழாய்களில் அடைப்பு எடுப்பதும், காலந்தவறாமல் வர்ணம் பூசுவதும், வேறெந்தச் சிகிச்சையையும்விட முக்கியமானவை. பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருப்பது வழக்கமாதலால் அதைச் சுரண்டுகிறவர்களின் மூச்சுக்குக் காப்பும் அவசியம்.

இன்று செயின்ட் பாங்க்ரஸின் விலாவளைவுகள் இளநீல நிறத்தில் துலங்குகின்றன. பீப்பாய்க் கிடங்கோ கடைகளும் பிரயாணிகள் கூடமுமாக மாறிவிட்டது; அங்கே வெளிச்சமும் வழியும் வேண்டி மேல்தளத்தில் நீண்ட திறப்புகளை வெட்டினார்கள். அந்தத் தளமே வளைவின் நாண் என்பதை நினைத்தால், அது எவ்வளவு துணிகரமான காரியம் என்பது விளங்கும். பழமையின்மேல் விரலே படக்கூடாது என்பவர்கள் இதைக் குறை சொல்லலாம், நான் சொல்லமாட்டேன். இருட்டில் ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்த வார்ப்பிரும்புத் தூண்களை ஜனங்கள் பார்க்கும்படி செய்தது அந்த வெட்டுத்தானே.

லண்டனுக்குப் போகும் வாய்ப்புள்ளவர்கள், ஹோட்டலின் முகப்போடு நின்றுவிடாமல் உள்ளே மேல்தளத்துக்கு ஏறிச் சென்று, விலாவளைவின் அடிப்பாகத்தில் டெர்பிஷயர் பட்டர்லி கம்பெனியின் பெயரும் 1867 என்ற ஆண்டும் பொறித்திருப்பதைப் படித்துப் பார்க்கவேண்டும். அதற்கு ரயில் டிக்கெட் தேவையில்லை.