ஏறியது எத்தனை? நின்றது எத்தனை?

கல்யாணம் முடிந்த மறுநாள், வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து ஆள் வந்து நிற்பார். கையில் பட்டியல் இருக்கும். அண்டா எத்தனை, தவலை எத்தனை, கரண்டி எத்தனை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பட்டியலில் கோடு போட்ட பிறகே வண்டியில் ஏற்றுவார். “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று கல்யாண வீட்டார் எத்தனை முறை சொன்னாலும் அவர் காதில் வாங்கிக் கொள்வதில்லை.

பாத்திரத்துக்குக் காட்டும் இந்த ஜாக்கிரதையை, அதே கல்யாணத்தில் எடுத்த போட்டோக்களுக்கு நாம் காட்டுகிறோமா? செல்போனில் இடமில்லை என்கிறது. எல்லாம்தான் ‘கிளவுடு’க்குப் போய்விட்டதே என்று நம்பி, போனில் இருப்பதை அழித்துவிடுகிறோம். கிளவுட் என்பது ஆகாயத்து மேகமன்று. எங்கோ ஒரு கட்டடத்தில் வேறொருவர் வைத்திருக்கும் கம்ப்யூட்டர்தான். அங்கே போகும் வழியில் சில பைல்கள் நின்றுவிடுவதுண்டு. எவை நின்றன என்று தெரியாமலே மூலத்தை அழித்துவிட்டால், பிறகு வருந்திப் பயனில்லை.

2023 தந்த பாடம்

இது வீண் பயமன்று. 2023 நவம்பரில், கூகுள் டிரைவ் செயலியைக் கம்ப்யூட்டரில் வைத்து வேலை செய்தவர்கள் சிலர், பல மாதத்துப் பைல்களைக் காணோம் என்று புகார் செய்தார்கள். கம்ப்யூட்டருக்கான அந்தச் செயலியின் 84-ஆம் பதிப்பில், உபயோகிப்பவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குக் கோளாறு நேர்ந்திருப்பதாகக் கூகுள் அறிவித்தது. செயலியிலிருந்து கணக்கைத் துண்டிக்காதீர்கள், செயலி தனக்கென வைத்திருக்கும் போல்டரை அழிக்கவோ நகர்த்தவோ செய்யாதீர்கள் என்றும் எச்சரித்தது. மேலே போய்ச் சேராத பைல்கள் அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒரு மூலையில் கிடக்கலாம் அல்லவா? டிசம்பரில், அவற்றை மீட்கும் வசதியுடன் புதிய பதிப்பு வெளிவந்தது. பதற்றத்தில் எல்லாவற்றையும் துடைத்தவர்களைவிட, பொறுமையாகக் கையைக் கட்டிக் கொண்டிருந்தவர்களுக்கே மீட்சிக்கு வழி அதிகம்.

ஏன் நிற்கின்றன?

முதற் காரணம் இடப் பற்றாக்குறை. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட் இடத்தில் கடிதம், பைல், போட்டோ மூன்றும் குடியிருக்க வேண்டும். நிரம்பிவிட்டால் புதிய பைல் ஏறாது. ஜிமெயிலுக்குக் கடிதமும் வராது.

இரண்டாவது, பெயர். ஒன்டிரைவில் பைலின் பெயரில் கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, முக்காற்புள்ளி போன்றவை இருக்கக் கூடாது. ‘இது யார்?’ என்று ஆசையாகப் பெயர் வைத்த படம், அந்த ஒரு கேள்விக்குறியால் வாசலிலேயே நின்றுவிடும். போல்டருக்குள் போல்டராக அடுக்கிக்கொண்டே போனாலும் தொல்லைதான். முழு வழியின் நீளம் 400 எழுத்துகளைத் தாண்டக் கூடாது.

மூன்றாவது, நடுவழியில் இணைப்பு அறுந்துபோவது. அமேசானின் எஸ்-3 சேமிப்பில் பெரிய பைல்களைத் துண்டு துண்டாக அனுப்புவது வழக்கம். எல்லாத் துண்டுகளும் வந்துவிட்டன, சேர்த்துக் கொள் என்ற கடைசி உத்தரவு போகாவிட்டால், பைல் சாதாரணப் பட்டியலில் தோன்றவே தோன்றாது. வந்து சேர்ந்த துண்டுகளுக்கு மட்டும் வாடகை ஏறிக்கொண்டிருக்கும்!

எண்ணிக்கை போதுமா?

நின்றுபோனவற்றைக் கண்டுபிடிப்பது எப்படி? முதலில், செயலியின் சின்னத்தைத் தொட்டு, அது காட்டும் பிழைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். ஆனால் செயலி தான் அறிந்த பிழையைத்தான் சொல்லும், அறியாததைச் சொல்லாது.

இங்கே எத்தனை, அங்கே எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது அடுத்தபடி. இதிலும் ஏமாற இடமுண்டு. கூகுள் டிரைவில் ஒரே போல்டரில், ஒரே பெயரில் இரண்டு பைல்கள் இருக்க முடியும். ஒரு படம் போகாமல் நின்று, இன்னொன்று இரண்டு தரம் போயிருந்தால் கணக்கு என்னவோ சரியாகத்தான் இருக்கும், படம்தான் இருக்காது. மாறாக, கம்ப்யூட்டர் தன் சௌகரியத்துக்காக உண்டாக்கிக் கொள்ளும் சில மறைவான பைல்களை டிராப்பாக்ஸ் ஏற்றுவதே இல்லை. அங்கே கணக்குக் குறைந்தாலும் நஷ்டமில்லை.

ஆகவே பெயரையும் அளவையும் வரிசையாக எழுதி, இரு பட்டியல்களையும் ஒப்பிடுவதே உத்தமம். இங்கே இருந்து அங்கே இல்லாத பெயர் எதுவோ, அதுதான் நின்றுபோன பைல்.

பைலுக்கும் கைரேகை

பெயரும் அளவும் ஒத்திருந்தும் உள்ளே பழுது இருந்தால்? அதற்குத்தான் ‘எஸ்எச்ஏ-256’ என்ற கணக்கு இருக்கிறது. பைல் எத்தனை பெரியதானாலும், அதிலிருந்து 64 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளத்தை அது பிழிந்து தரும். பைலில் ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் முழுவதும் மாறிவிடும். இரு பக்கத்து அடையாளமும் ஒன்றானால் பைல் பழுதின்றிப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கலாம்.

ஆயிரக்கணக்கான பைல்களுக்கு இதைக் கையால் செய்ய முடியுமா? வேண்டியதில்லை. ‘ஆர்க்ளோன்’ என்ற இலவசச் செயலியில் ‘செக்’ என்ற கட்டளை உண்டு. பல நிறுவனங்களின் கிளவுட்களோடு பேசி, அங்கே இல்லாதவை எவை, இருந்தும் வேறுபடுபவை எவை என்று தனித்தனியே பட்டியல் தந்துவிடும். ஒரு விலக்கு மட்டும் நினைவிருக்கட்டும். இடத்தை மிச்சப்படுத்தும் தரத்தில் வைத்தால், கூகுள் போட்டோஸ் படத்தைச் சுருக்கித்தான் வைக்கும். ஆகவே அங்கே அளவும் அடையாளமும் மாறியிருப்பது இயல்பே.

அழிப்பதிலும் ஓர் அபாயம் உண்டு. கம்ப்யூட்டரும் கிளவுடும் இணைந்திருக்கையில், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டி 30 நாள்தான் காத்திருக்கும். பிறகு அதுவும் காலி. எனவே ஒப்பிட்டுப் பார்த்து, நாலைந்து படங்களைத் திரும்ப இறக்கித் திறந்தும் பார்த்து, வேறொரு தட்டில் ஒரு பிரதியும் எடுத்து வைத்த பிறகே அழிக்கும் பொத்தானின் பக்கம் விரல் போக வேண்டும்.

பாத்திரக் கடைக்காரரின் அண்டா தொலைந்தால் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம். பாட்டி சிரித்த படம் தொலைந்தால் எந்தக் கடையில் வாங்குவது? பட்டியலில் கடைசிக் கோடு விழும் வரையில் வண்டியை நகரவிடாத அவரிடம், நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.