பாகூர் டூ பாரிஸ்: 8,000 கி.மீ. பயணத்துக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்?

"நைட் 2 மணிக்கு சென்னையில ஏறினா, காலைல 8 மணிக்கு பாரிஸ். ஆறே மணி நேரம்தான்!" விமான டிக்கெட்டை முதல்முறை பார்க்கும் யாருக்கும் இப்படித்தான் தோன்றும். ஆனால், இந்தக் கணக்கு தப்பு.

1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சு குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அதனால் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பலருக்கு பாரிஸ் என்பது சுற்றுலாத் தலம் அல்ல. மகனோ, மகளோ, பேரப்பிள்ளைகளோ இருக்கும் ஊர். முதல்முறை தனியாகப் பறக்கும் அப்பா, அம்மாவுக்கு நேரக் கணக்கு தப்பினால் விமானத்தையே விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது.

தூரம் எவ்வளவு?

சென்னையிலிருந்து பாரிஸ் சார்லஸ் டி கால் விமான நிலையம் சுமார் 8,020 கி.மீ. இது உருண்டையான பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரம். போர், வான்வெளி மூடல் போன்ற காரணங்களால் விமானங்கள் சுற்றிப் போனால் இது கூடும்.

6 மணி நேரம் இல்லையா?

இல்லை. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் பிரான்ஸ் நம்மைவிட 4½ மணி நேரம் பின்னால் இருக்கிறது. மேலே சொன்ன 6 மணி நேரத்தோடு அதைக் கூட்டினால் 10½ மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் 3½ மணி நேரம்தான்.

திரும்பி வரும்போது ஏன் சீக்கிரம்?

உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் காற்றுதான் காரணம். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்னாலிருந்து தள்ளும் காற்று.

துபாய் வழியாகப் போனால்?

சென்னை - துபாய் சுமார் 2,930 கி.மீ., துபாய் - பாரிஸ் சுமார் 5,240 கி.மீ. மொத்தம் 8,170. நேர்வழியைவிட 150 கி.மீ.தான் கூடுதல்! ஆனால் இரண்டு முறை ஏறி இறங்கி, நடுவில் 3 மணி நேரம் காத்திருந்தால் பயணம் 15 மணி நேரத்தைத் தொடும். நேரத்தைத் தின்பது தூரம் இல்லை, காத்திருப்பு.

புதுச்சேரியிலேயே ஏற முடியாதா?

லாஸ்பேட்டை விமான நிலைய ஓடுதளத்தின் நீளம் சுமார் 1,500 மீட்டர்தான். ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களுக்கு அது போதும். 2024 டிசம்பரில் இண்டிகோ பெங்களூரு, ஹைதராபாத் சேவையைத் தொடங்கியதும் இந்த வகை விமானத்தில்தான். கண்டம் தாண்டும் பெரிய விமானங்கள் இங்கே இறங்க முடியாது. அதனால் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

அப்போ மொத்தம்?

பாகூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு 150 கி.மீ.க்கு மேல். ரோட்டில் 4 மணி நேரம், செக்-இன், இமிகிரேஷனுக்கு 3 மணி நேரம், துபாய் வழியில் 15 மணி நேரம். ஆக, வீட்டு வாசலிலிருந்து பாரிஸில் தரை இறங்க 22 மணி நேரம்.

தேதியில் உஷார்!

டிக்கெட்டில் 'செவ்வாய் 00.30' என்றிருந்தால், அது திங்கள் நள்ளிரவு தாண்டி அரை மணி. திங்கள் மாலை 5.30-க்கே பாகூரில் வண்டி ஏறிவிட வேண்டும். செவ்வாய் மாலை கிளம்பினால், விமானம் முதல் நாள் இரவே போயிருக்கும்.