கம்பங்கொல்லையில் காவோ மரம்

மழை இறங்கினால் மரங்கள் தழைக்கும். காவோ மரம் மட்டும் அப்போதுதான் இலையை உதிர்க்கும். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டு உழவர்களுக்கு அது பெரும் கொடை. கம்பு வளரும் மாதங்களில் மரம் மொட்டையாக நிற்பதால் பயிருக்கு வெயில் குறைவதில்லை. உதிர்ந்த இலை மட்கி எருவாகும். மழை ஓய்ந்து புல் கருகிய பிறகு மரம் தழைத்து, ஆடுமாடுகளுக்கு நிழலும் தழையும் நெற்றும் தரும். நாம் கூழ் காய்ச்சும் கம்புக்கும் அந்த வட்டாரம்தான் தாய்நிலம்.

இப்படிப்பட்ட மரத்தை அந்த உழவர்களே ஏன் வெட்டினார்கள்? காலனி ஆட்சியில் வந்த சட்டப்படி, சொந்தக் கொல்லையில் நின்றாலும் மரம் அரசுக்குச் சொந்தம். கிளை கழித்தால்கூட அபராதம். தனக்கில்லாத மரத்தை யார் காப்பார்கள்? துளிரிலேயே வெட்டிவிடுவார்கள்.

1980களின் தொடக்கத்தில் மராடி பகுதிக்கு மரம் நட வந்தவர் ஆஸ்திரேலியரான டோனி ரினாடோ. நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை பட்டுப்போயின. 1983இல் ஒருநாள், வண்டி மணலில் புதையாமல் இருக்க டயர் காற்றைக் குறைக்க இறங்கினார். பக்கத்தில் ஒரு புதர். குனிந்து இலையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் வெடித்த துளிர் என்று. கொல்லையெங்கும் மண்ணுக்குள் வேர்கள் உயிரோடு இருந்தன.

அவற்றை மரமாக்கும் வழி எளிது. கட்டையில் வரும் துளிர்களில் நேரான நாலைந்தை விட்டு மற்றதைக் கழிக்க வேண்டும். விட்டவற்றில் பாதி உயரம்வரை பக்கக் கிளைகளை நறுக்க வேண்டும். கழித்தது அடுப்புக்கு விறகாகும். நாற்றும் வேண்டாம், குடம் சுமந்து தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

ஆனால் மனிதர் மனம் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. முதலில் முன்வந்த சுமார் பத்துப் பேரை ஊர் ஏளனம் செய்தது; அவர்கள் காத்த மரங்களை வெட்டியவர்களும் உண்டு. 1984 பஞ்சத்தில் வேலைக்கு உணவு கொடுத்தபோது, எக்டேருக்கு 40 மரம் விட வேண்டும் என்று சொன்னார்கள். பஞ்சம் தீர்ந்ததும் அவற்றில் பாதிக்கு மேல் வெட்டுப்பட்டன. விட்டுவைத்தவர் கொல்லையில்தான் விளைச்சல் கூடியது. அதைப் பார்த்து அடுத்தவர் விட்டார், அடுத்த ஊரும் விட்டது. வனத்துறையிடம் பேசிக் கெடுபிடியைத் தளர்த்தியது இதற்குப் பெரிய துணை. இருபது ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் எக்டேரில் 20 கோடி மரங்கள் எழுந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

நம் ஊரில் மரத் திட்டம் என்றால் கொடுத்த கன்றைத்தான் எண்ணுகிறோம். வளர்ந்த மரத்தை வெட்டி விற்க உழவர் எத்தனை அலுவலகப் படி ஏறுகிறார் என்பதையும் எண்ண வேண்டும் என்பேன். நைஜரில் காத்து வளர்த்த மரத்தின் பலன் உழவருக்கே என்று அரசாணை வந்தது 2020இல்தான். அதற்குள் அந்தத் துளிர்கள் பலவும் ஆள் ஏறும் மரங்களாகிவிட்டன.