ஒரு சட்டி உருளைக்கிழங்குச் சூப்

உருளைக்கிழங்கை நட்டுக் கிண்டி எடுத்த கைகளுக்கு அதன் இயல்பைப் பற்றி நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கார்த்திகை மார்கழியில் செம்மண்ணைப் பண்படுத்தி, முளைகட்டிய விதைக்கிழங்கை நட்டு, கிணற்று நீர் இறைத்து, மாசி பங்குனியில் கிண்டிய குடும்பங்கள் பல, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அதே கிழங்கைக் கால் கிலோ, அரைக் கிலோ என்று கடையில் நிறுத்து வாங்குகின்றன. ஊரில் இருந்தபோது நல்ல கிழங்கு சந்தைக்குப் போனது. சிறியதும் மண்வெட்டி பட்டதும் வீட்டுச் சட்டிக்கு வந்தன. அவற்றுக்கு யாரும் விலை போட்டதில்லை. இங்கே ஒவ்வொரு கிழங்குக்கும் விலை உண்டு. ஆகவே அரைக் கிலோ கிழங்கை வைத்து ஐந்து பேரின் இரவுச் சாப்பாட்டை எப்படி ஒப்பேற்றலாம் என்பதையே இம்முறை எழுதுகிறோம். ஒற்றை அடுப்பும் ஒரு சட்டியும் இருந்தால் போதும்.

சூப் என்றவுடன் அது ஹோட்டல் சாப்பாடு, அல்லது நோயாளிக்குக் கொடுக்கும் தண்ணீர்ச் சாறு என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. ஆங்கிலச் சமையல் நூல்களில் வரும் உருளைக்கிழங்குச் சூப்புக்கு வெண்ணெயும் பாலாடையும் கோதுமை மாவும் வேண்டும். நமக்கு அவை எதுவும் தேவையில்லை. சொதி வைக்கத் தெரிந்த எந்தத் தாய்க்கும் இந்தச் சூப்பில் முக்காற் பங்கு ஏற்கெனவே தெரியும். தேங்காய்ப்பாலின் கொழுமை, மிளகின் உறைப்பு, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி: இவை சொதியின் இலக்கணம். அதிலே கிழங்கைச் சற்று அதிகமாகப் போட்டு, பாதிக்கு மேல் மசித்துவிட்டால் சூப் ஆகிறது. ஒடியற்கூழ் குடித்து வளர்ந்தவர்களுக்குக் கெட்டியான, காரமான ஒரு சட்டிச் சாப்பாடு புதுமையும் அல்ல.

உருளைக்கிழங்கின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைநாடு. பெருவிலும் பொலிவியாவிலும் வாழும் மலை விவசாயிகள் பல ஆயிரம் ஆண்டுகளாக அதைப் பயிரிட்டு வருகிறார்கள். இரவுப் பனியில் கிழங்கை உறைய வைத்து, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, காயவைத்து, ஆண்டுக்கணக்கில் சேமித்துச் சூப்பில் போடுவது அவர்கள் வழக்கம். நம் பச்சைமிளகாயும் செத்தல் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவைதாம். மிளகு மட்டுமே நம் பக்கத்துச் சரக்கு. இலங்கையில் 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் போன்ற ஆங்கிலேயர் மலைநாட்டில் கிழங்கைப் பயிரிட்டனர். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்கு அது பெரிய அளவில் வந்தது 1960களில், இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பின்னர்தான். மலைநாட்டுக் குளிர் இங்கே இல்லை; ஆனால் மார்கழி, தை மாதத்து இரவுக் குளிர் கிழங்கு விழுவதற்குப் போதுமானதாக இருந்தது. 1970களில் வெங்காயம், மிளகாய், கிழங்கு மூன்றும் வலிகாமத்து வீடுகளுக்குக் கல்வீடு கட்டிக்கொடுத்தன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது அந்தக் காலம் மங்கத் தொடங்கியது. போர் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. 1990இல் வலிகாமம் வடக்கு வெறுமையானது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. அது கிழங்கு நடுகைக்கு நிலம் தயாராகும் வேளை. வலிகாமம் வடக்கில் பின்னாளில் விடுவிக்கப்பட்ட காணிகள் உண்டு. இன்னும் விடுவிக்கப்படாதவையும் உண்டு.

சூப்பைப் பற்றி எழுதும்போது இன்னொரு வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். 1790களில் ஜேர்மனியின் மியூனிக் நகரில் கவுண்ட் ரம்போர்ட் என்பவர் ஏழைகளுக்காக மலிவான சூப் ஒன்றைத் திட்டமிட்டார். வாற்கோதுமை, பட்டாணி, உருளைக்கிழங்கு, பழைய பாண், வினாகிரி ஆகியவை அதில் இருந்தன. குறைந்த செலவில் அதிகம் பேரின் வயிற்றை நிரப்புவதே அவர் நோக்கம். ஐரோப்பாவின் பல நகரங்கள் அதைப் பின்பற்றின. பின்னர் 1845இல் அயர்லாந்தில் கிழங்குச் செடிகளைக் கருகல் நோய் தாக்கியது. ஒரு கிழமைக்குள் தோட்டத்தையே படுக்க வைக்கும் அந்த நோயை நம் விவசாயிகளும் அறிவார்கள். கிழங்கை மட்டுமே நம்பியிருந்த ஏழைகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். 1847 நடுப்பகுதியில் அரசின் சூப்புக் கூடங்களில் நாளொன்றுக்கு முப்பது இலட்சம் பேர் வரை உணவு பெற்றனர். அவற்றுக்கு வெளியே, சில இடங்களில், மதம் மாறினால்தான் சூப் என்ற நிலையும் இருந்தது. அப்படி மாறியவர்களை ஊரார் 'சூப்புக்காரர்' என்று இழித்தழைத்தார்கள். அந்தப் பெயர் பிள்ளைகள் காலம் வரை ஒட்டிக்கொண்டிருந்தது. நிவாரணப் பணியில் இருக்கும் நாம், பங்கு மண்டபத்தில் பெரிய அண்டாவில் சமைத்து வரிசையில் நிறுத்தி ஊற்றுவதைவிட, ஒரு குடும்பத்திடம் கிழங்கையும் பருப்பையும் கொடுத்து அவர்கள் அடுப்பில் சமைக்க விடுவதையே நான் விரும்புவதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். தன் சட்டியில் தான் ஆக்கியதைத் தன் பிள்ளைக்கு ஊற்றுவது வேறு.

இனிக் கிழங்கைத் தெரிவு செய்வோம். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களின் மொத்தக் கடைகளிலிருந்து நம் பக்கத்துக் கடைகளுக்கு வருபவை இரண்டு வகை: நுவரெலியா, வெலிமடைக் கிழங்கு, வெளிநாட்டுக் கிழங்கு. உள்ளூர்க் கிழங்கில் பெரும்பாலும் மண் ஒட்டியிருக்கும், விலையும் கூட இருக்கும். சூப்புக்கு முக்கியம் ஊரல்ல, மாத்தன்மை. அவிந்ததும் பொலபொலவென்று உதிரும் கிழங்கு சூப்பைத் தடிப்பாக்கும். மெழுகுபோல் இறுகி நிற்பது கறிக்கே பொருந்தும். எது எது என்று அறிய வழி உண்டு. கால் கோப்பை உப்பை இரண்டேமுக்கால் கோப்பை தண்ணீரில் கரைத்து ஒரு சிறு கிழங்கைப் போடுங்கள். அமிழ்ந்தால் மாக்கிழங்கு, மிதந்தால் மெழுகுக் கிழங்கு. மாச்சத்து கூடிய கிழங்குக்குப் பாரம் அதிகம் என்பதே இதன் காரணம். உப்புத் தண்ணீரைப் போத்தலில் விட்டு வைத்தால் மறுமுறைக்கும் உதவும்.

பச்சை நிறம் படர்ந்த கிழங்கை மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். வெளிச்சம் பட்ட கிழங்கில் தோல் பச்சையாகும்போது சொலனின் என்ற நஞ்சும் கூடுகிறது. அவித்தாலும் பொரித்தாலும் அது அழியாது. வயிற்றோட்டத்தையும் வாந்தியையும் உண்டாக்கும். தோட்டத்தில் மண் அணைப்பது எதற்காக என்று உங்களுக்குத் தெரியும். அதே விதி நகர்ப்புற அறைக்கும் பொருந்தும்: யன்னலோரத்துக் கூடையில் போடாமல், சாக்கிலோ கடதாசிப் பெட்டியிலோ இருட்டான, காற்றோட்டமுள்ள மூலையில் வையுங்கள். முளை விட்டிருந்தால் முளையையும் கண்ணையும் ஆழமாகத் தோண்டி நீக்க வேண்டும்.

ஐந்து பேருக்குத் தேவையானவை: உருளைக்கிழங்கு அரைக் கிலோ, மைசூர்ப் பருப்பு அரைக் கோப்பை, பம்பாய் வெங்காயம் ஒன்று அல்லது சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, உள்ளி நாலு பல், விரல்நுனியளவு இஞ்சி, பச்சைமிளகாய் இரண்டு, மிளகு ஒரு தேக்கரண்டி, நற்சீரகம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை ஒரு நெட்டு, பாதித் தேங்காய், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, தேசிக்காய்ப் பாதி, உப்பு. மிளகையும் சீரகத்தையும் வெறுஞ்சட்டியில் சற்றுச் சூடாக்கி இடித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் மிளகுத்தூளைவிட உடனே இடித்தது குறைந்த அளவிலேயே உறைக்கும். தேங்காயைத் திருவி, முதலில் ஒரு கோப்பை கட்டிப்பாலும், பிறகு இரண்டு கோப்பை கப்பிப்பாலும் பிழிந்து தனித்தனியே வையுங்கள்.

சட்டியில் எண்ணெய் சூடானதும் வெங்காயம், உள்ளி, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றைப் போட்டு மெல்லிய நெருப்பில் வதக்குங்கள். வெங்காயம் வாட வேண்டும், பொன்னிறமாகக் கருகத் தேவையில்லை. தோல் நீக்கி அரை அங்குலத் துண்டுகளாக வெட்டிய கிழங்கு, கழுவிய பருப்பு, மஞ்சள், மூன்று கோப்பை தண்ணீர் சேர்த்து மூடி அவியவிடுங்கள். சின்னத் துண்டாக வெட்டுவது எரிபொருளுக்காக; முழுக் கிழங்கு அவிய எடுக்கும் நேரத்தில் பாதி கூட ஆகாது. இருபது நிமிடமளவில் பருப்புக் கரைந்து, கிழங்கு அகப்பையால் அழுத்தினால் உடையும். சட்டியை இறக்கி, சூட்டோடு மத்தால் மசியுங்கள். மூன்றில் ஒரு பங்கு துண்டாகவே இருக்கட்டும்; பிள்ளைகளுக்குக் கடிப்பதற்கு ஏதாவது வேண்டும்.

வீட்டில் பிளெண்டர் இருப்பவர்கள் அதில் போட்டு அடிக்க ஆசைப்படுவார்கள். அது வேண்டாம். கிழங்கின் மா சின்னஞ்சிறு அறைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. மத்தால் மசிக்கும்போது அறைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன, உடைவது குறைவு, சூப் மிருதுவாகிறது. பிளெண்டரின் அலகு அறைகளைக் கிழித்துவிடும். வெளியே வரும் மா பசைபோல் இழுபடும். சுவரொட்டி ஒட்டத்தான் உதவும்.

மசித்ததில் கப்பிப்பாலை ஊற்றி, உப்பும் இடித்த மிளகு சீரகமும் சேர்த்து, துழாவியபடி ஒரு கொதி விடுங்கள். பிறகு நெருப்பைக் குறைத்துக் கட்டிப்பாலை ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். கட்டிப்பால் தளதளவென்று கொதித்தால் அதிலுள்ள புரதம் திரண்டு எண்ணெய் பிரிந்து மிதக்கும். கிழங்கின் மா ஓரளவு காப்பாற்றும் என்றாலும் முழுவதும் அதை நம்பக் கூடாது. தேசிக்காய்ப் புளியும் பாலைத் திரைக்கும். ஆகவே அது அடுப்பில் விடுவதல்ல, இறக்கிச் சற்று ஆறியபின் விடுவது. விரும்பினால் கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டலாம். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் சேர்க்காத சைவ வீடுகளுக்கும், தவக்கால வெள்ளிகளில் இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்க வீடுகளுக்கும் இது இப்படியே பொருந்தும். மற்ற நாட்களில் ஒரு பிடி நெத்தலிக் கருவாட்டை நன்றாகக் கழுவிப் பருப்போடு அவியவிட்டால் சுவையும் புரதமும் கூடும். அப்போது உப்பைக் குறையுங்கள்.

போசாக்கைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. உருளைக்கிழங்கில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். நூறு கிராமில் ஏறத்தாழ 77 கலோரியும் இரண்டு கிராம் புரதமும் உண்டு. பொட்டாசியமும் உயிர்ச்சத்து சியும் நல்ல அளவில் உள்ளன. கிழங்கை அவித்துத் தண்ணீரை ஊற்றிவிடும்போது இவற்றில் ஒரு பகுதி வீணாகிறது. சூப்பில் அந்தத் தண்ணீர் சட்டியிலேயே நிற்கிறது. பருப்பைச் சேர்த்தது புரதத்துக்காக. அப்படியும் உழைத்துவிட்டு வருபவருக்கு ஒரு கோப்பை சூப் மட்டும் போதாது. கூடவே பாணோ ரொட்டியோ வேண்டும். நீரிழிவுள்ளவர்கள் பாணைக் குறைக்க வேண்டும், ஏனெனில் கிழங்கும் மாப்பொருளே. சிறுநீரக நோய்க்கு மருந்தெடுப்பவர்கள் பொட்டாசியம் பற்றி வைத்தியரைக் கேட்டபின் குடிப்பது நல்லது. பல்லில்லாத ஆச்சி அப்புவுக்குத் துண்டுகளையும் மசித்துக் கொடுங்கள். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு உப்பும் மிளகாயும் சேர்க்காமல் கிழங்கையும் பருப்பையும் தனியே அவித்து மசித்துக் கொடுக்கலாம்.

தேங்காய் விலை 2025 தொடக்கத்தில் கொழும்பில் 200 ரூபாவைத் தாண்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியான நாட்களில் கால் தேங்காயோடு நிறுத்தி, கிழங்கில் இன்னுமொன்றைச் சேர்த்து முழுவதையும் மசித்துவிடுங்கள். நாக்குக்குப் பெரிய வேறுபாடு தெரியாது.

எரிபொருளுக்கும் ஒரு வழி சொல்கிறேன். 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும். கிழங்கும் பருப்பும் பத்து நிமிடம் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் சட்டியைப் பழைய சாக்கிலும் போர்வையிலும் இறுகச் சுற்றி, கடதாசிப் பெட்டிக்குள் முக்கால் மணி நேரம் வையுங்கள். சட்டியிலுள்ள சூடே மீதியை அவித்துவிடும். அந்த நேரத்தில் அதே அடுப்பில் வேறொன்றைச் சமைக்கலாம். எடுத்தபின் மசித்து, கப்பிப்பால் விட்டு, கட்டாயம் ஒரு கொதி கொதிக்க வைக்க வேண்டும்.

தேங்காய்ப்பால் சேர்ந்த சூப் கொழும்பு வெக்கையில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் பகலுக்கும் இரவுக்கும் சேர்த்துச் சமைப்பதானால், மசித்த கிழங்குப் பருப்பில் இரவுக்குரியதைப் பால் விடுமுன்னரே வேறு பாத்திரத்தில் எடுத்து மூடுங்கள். பின்னேரம் அதை ஒருமுறை கொதிக்க வையுங்கள். தேங்காயின் மற்றப் பங்கை இரவில் திருவிப் பிழிந்து, அப்போது பாலை விடுங்கள். ஆறியபோது அது களிபோல் இறுகியிருக்கும். அரைக் கோப்பை சுடுதண்ணீர் விட்டுக் கரைத்தால் பழைய பதத்துக்கு வரும்.